சீனன்குடாத் தாங்கிகளும் சம்பூர்க் கிணறுகளும்

திருகோணமலையைப் பற்றி எழுதப் புகும் எவரும் முதலில் அதன் துறைமுகத்தைப் புகழ்ந்துவிட்டே மேற்செல்வது நெடுநாள் மரபாகிவிட்டது. உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. எப்பருவத்திலும் கப்பல்கள் அஞ்சாது தங்கக்கூடியது. குன்றுகளால் மறைக்கப்பட்ட ஆழ்ந்த உட்குடா. இவையெல்லாம் உண்மையே. ஆனால் இப்புகழுரையை முதலில் உரைத்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. போர்த்துக்கேயர் உரைத்தனர், ஒல்லாந்தர் உரைத்தனர், 1782ஆம் ஆண்டில் சில மாதங்களுக்குள் அடுத்தடுத்து இக்கோட்டையைக் கைப்பற்றிய ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் உரைத்தனர். அவர்கள் அனைவரும் கடலில் நின்று கரையைப் பார்த்தவர்கள்.

கடலில் நின்று பார்த்தவனுக்குத் தெரிந்தவை நங்கூரமிடும் இடமும் பீரங்கி ஏற்றும் குன்றுமே. கரையில் நின்று கடலைப் பார்க்கும் மூதூர் மீனவனுக்கும் கிண்ணியா விவசாயிக்கும் தெரிவன வேறு: மகாவலி வந்து விழும் கொட்டியாரக்குடா, அந்தக் கலங்கல் நீரிற் பெருகும் மீனும் இறாலும், மாரிக்காலத்து வெள்ளம், கோடையில் வற்றும் சிறுகுளம். இவ்விரு பார்வைகளுள் எது பத்திரிகையின் முதற்பக்கத்தைப் பிடித்துக்கொண்டது என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் பொருள். மின்வலு, எரிபொருள், சுற்றாடல், காலநிலை ஆகியவை பற்றிய செய்திகளைத் திரட்டித் திருத்தி அச்சேற்றும் ஆசிரியப் பணி இன்று உலகப் பத்திரிகைகளில் தனித் துறையாக வளர்ந்துள்ளது. அப்பணியின் பெருமையையும் சிறுமையையும் அளந்தறிய, இலங்கையில் திருகோணமலையைவிடத் தக்க களம் வேறில்லை. நிலக்கரி, எண்ணெய், மீண்டும் நிலக்கரி, இப்போது சூரிய ஒளி என ஒவ்வோர் எரிபொருளும் இக்குடாவைச் சூழ்ந்த நிலத்தின்மீது உரிமை கொண்டாடி வந்துள்ளது. ஒவ்வொன்றுக்கும் ஒரு செய்தி வரலாறு உண்டு.

1795இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறிய திருகோணமலை, பாய்மரம் மறைந்து நீராவி தோன்றிய காலத்தில் அவர்களுடைய கிழக்குக் கடற்படைக்கு நிலக்கரி வழங்கும் தளங்களுள் ஒன்றாயிற்று. நிலக்கரி இத்தீவில் விளைவதன்று. அது கப்பலில் வந்து, கூலியாளின் தோளேறிக் கரையிறங்கி, மீண்டும் அவன் தோளேறிக் கப்பல் சேர்ந்தது. பின்னர் கொழும்பில் அலைதடுப்புச் சுவர் எழும்பி, வணிகக் கப்பல்கள் அங்கே திரும்பின. திருகோணமலை வெறும் படைத்தளமாக எஞ்சியது. 1905இல், செலவைச் சுருக்க விரும்பிய பிரித்தானியக் கடற்படைத் தலைமை அப்படைத்தளத்தின் கப்பற்றுறையையும் மூடிவிட்டது. உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகம் என்ற புகழ் அன்றும் இருந்தது. கணக்கர் அதனைப் பொருட்படுத்தவில்லை.

மறுவாழ்வு அளித்தது எண்ணெய். 1911இல் கடற்படை அமைச்சரான வின்ஸ்டன் சேர்ச்சில், போர்க்கப்பல்களை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றும் முடிவை விரைவுபடுத்தினார். எண்ணெயில் ஓடும் கப்பல் வேகமுடையது. நடுக்கடலிலேயே எரிபொருள் நிரப்பிக்கொள்ள வல்லது. உலையில் நிலக்கரி அள்ளும் ஆட்படை அதற்குத் தேவையில்லை. கடற்படை வரலாற்றாசிரியர் இக்காரணங்களையே கூறுவர். 1912இல் பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளர் நாடு முழுவதும் வேலைநிறுத்தம் செய்து அரசை நடுங்கவைத்தனர் என்பதையும் வாசகர் இவ்விடத்தில் நினைவுகூரலாம். நிலக்கரி உள்நாட்டுத் தொழிலாளியின் கையில் இருந்தது. எண்ணெயோ தொலைவிலுள்ள பாரசீகத்தில், தொழிற்சங்கக் குரல் எட்டாத இடத்தில் ஊறியது. 1914இல் பிரித்தானிய அரசு ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பனியின் பெரும்பான்மைப் பங்குகளைத் தானே வாங்கிக்கொண்டது.

பாரசீகத்து எண்ணெயைப் பேரரசின் கடல்வழிகளெங்கும் சேமித்து வைக்க வேண்டியிருந்தது. முதலாம் உலகப் போரின் பின், சீனன்குடாவை அடுத்த காடு வெட்டப்பட்டு, 1920களிலும் 1930களிலும் நூற்றுக்கு மேற்பட்ட உருக்குத் தாங்கிகள் அங்கே எழுந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்தாயிரம் தொன் எண்ணெய் கொள்ளும். கரையையொட்டிக் கீழ்த் தொகுதி, உள்ளே மேட்டு நிலத்தில் மேற்றொகுதி என எண்ணூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் அவை பரந்து கிடக்கின்றன. இன்று எஞ்சியுள்ளவை தொண்ணூற்றொன்பது. ஏறக்குறையப் பத்து இலட்சம் தொன் எண்ணெயைத் தேக்கக்கூடிய இந்தப் பண்டசாலை, கட்டப்பட்ட காலத்து இலங்கையின் தேவைக்காக எழுந்ததன்று. குப்பி விளக்கில் படித்த நம் பாட்டன்மாரின் வீட்டுக்கு அதிலிருந்து ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் வரவில்லை.

1942 ஏப்பிரல் 9ஆம் நாள் காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றே ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. தாங்கியொன்று பற்றியெரிந்து உருகிற்று. வளைந்து நெளிந்த அதன் எச்சம் இன்றும் தடித்த கொங்கிறீற்றுச் சுற்றுச்சுவருக்குள் கிடக்கிறது. போர்க்காலத் தணிக்கையின் கீழ், படைத்தலைமை வெளியிட விரும்பியதே பத்திரிகைக்குச் செய்தியாயிற்று. போர் முடிந்தது, தணிக்கை நீங்கியது, ஆயினும் படைத்தலைமையின் கண்கொண்டு திருகோணமலையைப் பார்க்கும் பழக்கம் நீங்கவில்லை என்றே கொள்ளவேண்டியுள்ளது.

1947ஆம் ஆண்டின் பாதுகாப்பு ஒப்பந்தப்படி, சுதந்திரம் வந்த பின்னரும் தளம் பிரித்தானியர் கையில் இருந்தது. அது சுதந்திரமே அன்று என இடதுசாரிகள் முழங்கினர். 1957 ஒக்டோபரில் பண்டாரநாயக்க அரசு தளத்தை மீட்டது. ஏகாதிபத்தியக் கொடி இறங்கியதை நாடே கொண்டாடியது, கொண்டாடத்தக்கதே. ஆனால் அத்தளத்தின் பட்டறைகளில் வேலைசெய்த தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் மலையாளிகளும் மறுநாள் எங்குச் சென்றனர்? வரலாற்று நூல்களில் கொடி இறங்கிய நாள் உண்டு. அடுப்பு அணைந்த நாள் இல்லை.

1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. அமைச்சர் ரி. பி. இலங்கரத்னவின் முயற்சியால் 1962இல் அந்நிய எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துக்களை அரசு கையேற்றது. அதற்குத் தண்டனையாக 1963இல் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. எண்ணெய் என்பது விலை மட்டும் அன்று, இறைமை என்பதை இந்நாட்டுப் பாமரரும் உணர்ந்த ஆண்டுகள் அவை. விந்தை யாதெனில், அந்த ஆண்டுகளிலும் அதன் பின்னரும் சீனன்குடாத் தாங்கிகளுட் பெரும்பாலானவை வெறுமையாகவே நின்றன. அவற்றைச் சுற்றிக் காடு மீண்டும் வளர்ந்தது.

வெறுமையாக நின்ற தாங்கிகள்தாம் பத்திரிகைகளை அதிகம் நிரப்பின என்று கூறினால் மிகையாகாது. 1987 ஜூலை 29ஆம் நாள் இலங்கை-இந்திய ஒப்பந்தத்துடன் இரு நாட்டுத் தலைவர்களும் பரிமாறிய கடிதங்களில், திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்நாட்டின் படைத்தேவைக்கும் விடுவதில்லை என்றும், எண்ணெய்த் தாங்கிகளை இரு நாடுகளும் கூட்டாகப் புதுப்பித்து இயக்குவதென்றும் எழுதப்பட்டது. 2003இல் அவற்றின் குத்தகை லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்குச் சென்றது. 2022 ஜனவரியில் புதிய பங்கீடு நடந்தது: பதினான்கு தாங்கிகள் அந்நிறுவனத்துக்கு, இருபத்து நான்கு பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, அறுபத்தொன்று இரண்டும் சேர்ந்த புதிய கம்பனிக்கு. அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், ஐ.ஓ.சி.க்கு 49 வீதம். இவை ஒவ்வொன்றும் பெருஞ்செய்தியாயின. டில்லி என்ன எண்ணுகிறது, பீக்கிங் என்ன எண்ணுகிறது, வாஷிங்டன் என்ன எண்ணுகிறது என்று பத்தி பத்தியாக எழுதப்பட்டது. சீனன்குடா என்ன எண்ணுகிறது என்பது அந்தப் பத்திகளுக்குள் அரிதாகவே நுழைந்தது.

இனி அச்செய்திகளைத் திருத்தும் மேசைக்கு வருவோம்.

சுற்றாடல் என்பது பத்திரிகைப் பொருளாகி வெகுகாலம் ஆகவில்லை. 1972இல் ஸ்டொக்ஹோமில் ஐக்கிய நாடுகள் கூட்டிய மாநாட்டின் பின்னரே அரசுகள் அச்சொல்லைச் சட்டத்தில் எழுதத் தொடங்கின. இலங்கையில் தேசிய சுற்றாடற் சட்டம் 1980இல் வந்தது. 1988இல் செய்யப்பட்ட திருத்தம், பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அவ்வறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, முப்பது நாளுக்குள் அவர்கள் கருத்தைக் கேட்கவும் வேண்டும். இச்சட்டத்தை நம் மாணவர் பலர் அறியார். சோதனையில் கேட்கப்படாததால் ஆசிரியராகிய நாமும் கற்பிப்பதில்லை. முப்பது நாள் என்னும் அச்சிறு காலக்கெடு மெய்யாகவே மக்களுக்கு எட்டவேண்டுமானால் இடையில் ஒருவர் நிற்கவேண்டும். பல நூறு பக்கம் கொண்ட, பொறியியலாளர் மொழியில் எழுதப்பட்ட அறிக்கையை எடுத்து, ‘இவ்வளவு கடல்நீர் உள்ளே இழுக்கப்படும், இவ்வளவு சூடேறி வெளியே விடப்படும், சாம்பல் இவ்விடத்தில் குவியும், உன் ஆட்சேபத்தை இத்தனையாந் தேதிக்குள் இன்ன முகவரிக்கு எழுது’ என்று எளிய தமிழில் சொல்லுகின்றவர் ஒருவர். சுற்றாடற் செய்தி ஆசிரியரின் தலையாய பணி அதுவே. திமிங்கிலத்தின் வண்ணப்படம் அதற்குப் பின்னர் வரலாம். (திருகோணமலைக் கடலில் நீலத் திமிங்கிலம் உண்டு, குடாவின் வாயிலிலேயே ஆழ்கடற் பள்ளத்தாக்கு தொடங்குவதால் அவை கரைக்கு அண்மையிலே உலவுகின்றன. அது ஒரு பெருங் காட்சிதான்.)

இத்தகைய ஆசிரியர்களை முதலாளித்துவப் பத்திரிகைகள் எவ்வளவு மதித்தன? 2009இல் தனிச் சுற்றாடற் பிரிவை அமைத்த நியூயோர்க் டைம்ஸ், 2013 ஜனவரியில் அதனைக் கலைத்தது. இரண்டு ஆசிரியர்களும் ஏழு செய்தியாளர்களும் வேறு பிரிவுகளுக்கு அனுப்பப்பட்டனர். அத்துணைச் செல்வம் படைத்த பத்திரிகையின் நிலையே அதுவாயின், நம் தமிழ்ப் பத்திரிகைகளைக் குறைகூற யாருக்கு மனம் வரும்? இங்கே அப்பணிக்கென ஒருவர் அமர்த்தப்படுவதே அரிது. விபத்தையும் விளையாட்டையும் பார்க்கும் உதவி ஆசிரியரே மின்சார சபை அறிக்கையையும் பார்க்கிறார். செய்தியை அனுப்புபவரோ மாவட்டத்திலுள்ள பிராந்திய நிருபர். மாதச் சம்பளமின்றிப் பிரசுரமாகும் செய்திக்கு இவ்வளவு என்னும் கணக்கிலேயே அவர்களுட் பலர் உழைக்கின்றனர். முந்நூறு பக்க அறிக்கையைப் படித்து முடிக்க மூன்று நாள் ஆகும். அம்மூன்று நாளில் மூன்று விபத்துச் செய்திகள் அனுப்பினால் அடுப்பெரியும். பத்திரிகையில் சுற்றாடல் ஏன் இல்லை என்னும் வினாவுக்கு நிருபரின் அறியாமையைக் காரணமாகக் கூறுவோர் இந்தக் கூலிக்கணக்கைப் பார்ப்பது நன்று.

கூலி ஒருபுறம், உயிர் மறுபுறம். 2006 ஜனவரி 2ஆம் நாள் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். குண்டு வெடித்து இறந்தனர் என்ற விளக்கம் பொய் என்பதை, தலையிற் பாய்ந்த துப்பாக்கிச் சூட்டின் அடையாளத்தைக் காட்டிய நிழற்படங்கள் நிறுவின. அவற்றை எடுத்த ‘சுடர் ஒளி’ நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அதே ஜனவரி 24ஆம் நாள் காலை திருகோணமலை நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் எழுதியது சுற்றாடற் செய்தியன்று. ஆனால் அதே ஆண்டில், அதே மாவட்டத்தில், நிலம் பறிபோகும் கதையை எழுத எத்தனை கைகள் எஞ்சியிருந்தன என்பதை எண்ணிப் பார்க்க இம்மரணம் நமக்கு வேண்டியுள்ளது.

அந்தக் கதைதான் சம்பூர்.

கொட்டியாரக்குடாவின் தென்கிழக்கே, மூதூருக்கு அப்பால், சம்பூர், கூனித்தீவு, சூடைக்குடா, கடற்கரைச்சேனை, நவரத்தினபுரம், இலக்கந்தை என்னும் ஊர்கள் அடுத்தடுத்துள்ளன. வயல், சிறுகுளம், பத்திரகாளி அம்மன் கோயில், கடல் ஆகியவற்றோடு இயைந்த வாழ்வு. 2006 ஜூலையில் புலிகள் மாவிலாற்று மதகை மூடினர். கீழ்ப்புறத்து விவசாயிகளுக்கு நீர் நின்றது. மதகைத் திறக்கப் புறப்பட்ட படை நடவடிக்கை முழுப் போராக விரிந்தது. மூதூர் முஸ்லிம்கள் ஊரைவிட்டு ஓடினர். மூதூரிலே தொண்டு நிறுவனப் பணியாளர் பதினேழு பேர் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 4ஆம் நாள் சம்பூர் இராணுவத்தின் கைக்கு வந்தபோது அவ்வூர்களில் மக்கள் இல்லை. வாகரை வழியாக மட்டக்களப்புக்கும், பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களுக்கும் அவர்கள் சிதறினர்.

அதே 2006 டிசெம்பர் 29ஆம் நாள் திருகோணமலைப் பகுதியில் 500 மெகாவோட் நிலக்கரி அனல்மின் நிலையம் அமைக்க இந்தியாவின் தேசிய அனல்மின் கூட்டுத்தாபனமும் இலங்கை அரசும் மின்சார சபையும் உடன்படிக்கை செய்தன. 2007 மே மாதத்தில் மூதூர் கிழக்கும் சம்பூரும் உயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. மின்நிலையத்துக்குச் சம்பூரே இடம் என்று முடிவாயிற்று. 2012இல், அருகிலுள்ள 818 ஏக்கர் கனரகக் கைத்தொழில் வலயமென முதலீட்டாளருக்கு ஒதுக்கப்பட்டது.

இந்நான்கு தேதிகளையும் ஒரே தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் யாருக்கும் ஓர் ஒழுங்கு புலப்படும். ஆயின் பத்திரிகையில் அவை ஒரே தாளில் வருவதில்லை. ஊர் விழுந்தது போர்ப் பக்கத்துச் செய்தி. மின்நிலைய உடன்படிக்கை பொருளாதாரப் பக்கத்துச் செய்தி. வர்த்தமானி அறிவித்தல் ஒரு மூலைச் செய்தி. அகதிமுகாமில் உணவு போதாமை மாவட்டச் செய்தி. பக்கப் பிரிப்பே இங்கு மறைப்பாகிவிடுகிறது. யாரும் பொய் எழுதவில்லை. ஒவ்வொரு பக்கமும் தன்னளவில் உண்மையாயிருக்க, முழு உண்மை மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லாமற் போயிற்று. மேல்வகுப்பு மாணவரிடம் பழைய பத்திரிகை நறுக்குகளைத் தேதிவாரியாக ஒட்டச் சொன்னபோது, ஒரு மாணவி பக்கத் தலைப்புக்களையும் சேர்த்து ஒட்டி வந்தாள். போர், வணிகம், பிராந்தியம் என்று அவை வரிசையாக நின்றன. நான் விளக்க வேண்டியது எதுவும் எஞ்சவில்லை.

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டின் கதை இன்னும் கசப்பானது. கூட்டுக் கம்பனி 2011இல் உருவாகி, மதிப்பீட்டு அறிக்கை 2015இல் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. எந்தப் பொதுமக்கள்? அறிக்கை தயாரான ஆண்டுகளில் அம்மண்ணின் மக்கள் தகரக் கொட்டில்களில் நிவாரண வரிசையில் நின்றிருந்தனர். மீனவன் இல்லாத கரையில் மீன்பிடிக்கு நேரும் தாக்கத்தையும், உழவன் இல்லாத வயலில் பயிருக்கு நேரும் தாக்கத்தையும் எவ்வாறு மதிப்பிடுவது? ஆளில்லா நிலம் என்பது பொறியியலாளருக்கு வசதியான நிலம். அது எவ்வாறு ஆளில்லா நிலமாயிற்று என்பது அறிக்கையின் எல்லைக்கு வெளியே விடப்படும். அங்கேதான் செய்தி ஆசிரியரின் எல்லை தொடங்கவேண்டும்.

2015இல் ஆட்சி மாறியபின் 818 ஏக்கரை ஒதுக்கிய வர்த்தமானி நீக்கப்பட்டது. ஓகஸ்டில் காணிகள் மீளக் கையளிக்கப்பட்டன. 2016 மார்ச்சில் கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கரும் விடப்பட்டது. திரும்பியவர்கள் கண்டவை இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட வீடுகளும் பாழான கிணறுகளும். தென்னை நின்ற இடத்தை வைத்தே சிலர் தம் வளவை அடையாளங் கண்டனர். கிணற்றை இறைத்துச் சுத்தஞ் செய்துகொண்டிருந்த அம்மக்களுக்கு, அயலிலே நிலக்கரி நிலையம் வரப்போகிறது என்னும் சேதி அப்போதுதான் உடலில் உறைக்கும் சேதியாயிற்று. நிலக்கரி என்றால் யாது என்பதை அவர்கள் நூலிற் படிக்க வேண்டியிருக்கவில்லை. புத்தளம் நுரைச்சோலையில் 900 மெகாவோட் நிலையம் 2014இல் முழுமையுற்று இயங்கிக்கொண்டிருந்தது. ஆண்டுதோறும் இருபது இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட நிலக்கரியை எரிக்கும் அந்நிலையத்தின் சாம்பலும் தூளும் கச்சான் காற்றில் அயலூர்த் தோட்டங்களிற் படிவதாக அம்மக்கள் முறையிட்டு வந்தனர். கடலுக்கு அப்பால், சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் சாம்பல் படிந்து மீனவர் பட்ட பாட்டையும் தமிழ் வாசகர் அறிவர்.

2016இல் சம்பூரிலும் மூதூரிலும் மக்கள் வீதிக்கு வந்தனர். போரால் பிரிக்கப்பட்டுப் பத்தாண்டு ஒருவரையொருவர் ஐயத்துடன் நோக்கிய தமிழரும் முஸ்லிம்களும் அங்கே ஒரே பதாகையின் கீழ் நின்றனர். தூள் இனம் பார்த்துப் படிவதில்லை என்பதை எந்த நல்லிணக்க ஆணைக்குழுவும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. 1981இல் தொடங்கப்பட்ட சுற்றாடல் மன்றம் ஒன்று உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அவ்வாண்டு செப்டெம்பரில், சம்பூர் நிலக்கரி நிலையம் அமைக்கப்படமாட்டாது என்று சட்டமா அதிபர் தரப்பு நீதிமன்றத்துக்கு அறிவித்தது.

இதனை முழுக்க மக்கள் வெற்றி என்று எழுதிவிட ஆசைதான். டில்லிக்கும் கொழும்புக்கும் இடையே நிலக்கரிக்குப் பதில் இயற்கை வாயு என்னும் பேரமும் அப்போது நடந்தது. முந்திய டிசெம்பரில் பாரிசிலே காலநிலை உடன்பாடு ஏற்பட்டிருந்தது. பன்னாட்டு நிதிவட்டாரங்களில் நிலக்கரிக்கு மதிப்புக் குறையத் தொடங்கியிருந்தது. எனினும், மக்கள் வாய்மூடி இருந்திருந்தால் பேரம் வேறுவிதமாக முடிந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. 2021 செப்டெம்பரில் புதிய நிலக்கரி மின்நிலையம் அமைப்பதில்லை என்னும் பன்னாட்டு உறுதிமொழியில் இலங்கை முன்வரிசையில் நின்று கையெழுத்திட்டது. அவ்விழாவில் சம்பூர் என்னும் பெயரைச் சொல்ல யாருக்கும் தோன்றியிராது.

சொல் பற்றியும் ஒன்று கூறவேண்டும். 2019 மே மாதத்தில் லண்டன் ‘கார்டியன்’ பத்திரிகை, காலநிலை மாற்றம் என்பதற்குப் பதிலாகக் காலநிலை நெருக்கடி, காலநிலை அவசரநிலை முதலிய சொற்களை விரும்பி ஆளும்படி தன் ஆசிரியர்களுக்கு விதி வகுத்தது. மாற்றம் என்னும் மென்சொல் ஆபத்தை மறைக்கிறது என்பது அவர்கள் வாதம், நியாயமான வாதமே. தமிழ் ஆசிரியர் முன்னுள்ள சிக்கல் வேறு. நமக்கு வந்து சேரும் சொற்கள் பெரும்பாலும் அரசின் மொழிபெயர்ப்புச் சொற்கள். ‘சுவீகரிப்பு’, ‘மீள்குடியேற்றம்’, ‘விசேட வலயம்’, ‘பயன்படுத்தப்படாத காணி’ என்று வர்த்தமானி எழுதும். ஆசிரியர் அதனை அவ்வாறே அச்சேற்றுவார். பயன்படுத்தப்படாத காணி என்பதைப் பயன்படுத்த விடப்படாத காணி என்று திருத்த ஒரு நிமிடமும் ஒரு துணிவும் போதும். இலக்கணம் கற்ற நாம், செயப்பாட்டுவினையின் அரசியலை இங்கே கற்கலாம். நிலம் ‘எடுக்கப்பட்டது’ என்னும் தொடரில் எழுவாய் எங்கே?

நிலக்கரிக்குப் பின் சூரியன் வந்தான். அனல்மின் நிலையத்துக்கென ஒதுக்கப்பட்டிருந்த சம்பூரிலேயே, 120 மெகாவோட் சூரியமின் நிலையத்தின் பணிகளை 2025 ஏப்பிரல் 5ஆம் நாள் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் கொழும்பிலிருந்து தொலைத்திரை வழியே தொடக்கி வைத்தனர். அதே நாளில், திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்று நாடுகளும் உடன்படிக்கை செய்தன. சூரிய ஒளிக்குப் புகையில்லை, சாம்பலில்லை. அதனை வரவேற்காதவன் இந்நூற்றாண்டின் காலநிலை அறிவியலை அறியாதவன். ஆனால் அதற்கும் நிலம் வேண்டும். ஒரு மெகாவோட் சூரியத் தகடுகளுக்கு நான்கைந்து ஏக்கர் தேவை என்பது பொறியியலாளர் சொல்லும் பொதுக்கணக்கு. நூற்றுக்கணக்கான மெகாவோட் என்று தலைப்பிடும் ஆசிரியர் அதனை ஏக்கராகப் பெருக்கி எழுதினால், வாசகருக்கு உடனே அடுத்த வினா எழும்: யாருடைய ஏக்கர்?

அவ்வினா கற்பனையன்று. சீனன்குடாத் தாங்கிகளுக்கு அயலிலுள்ள முத்துநகரில் பல்லாண்டாக நெல் விதைத்து வந்த விவசாயிகளின் வயல்கள் சூரியமின் திட்டங்களுக்காகத் தனியார் கம்பனிகளுக்குச் சென்றன. துறைமுக அதிகார சபைக்கு உரிய நிலம் என்பது அரசு தரப்பு வாதம். எங்கள் குளமும் வயலும் என்பது விவசாயிகளின் வாதம். 2025 செப்டெம்பரில் அவர்கள் திருகோணமலை மாவட்டச் செயலகத்தின் முன்னே தொடர் சத்தியாக்கிரகத்தில் அமர்ந்தனர். துறைமுகத்துக்கு உரிய நிலம்! கடலில் நின்று பார்த்தவனின் பழைய கண் நெல்வயலையும் துறைமுகமாகவே காண்கிறது. பசுமை மின்சாரம் ஒரு பக்கத்திலும், முத்துநகர் விவசாயி மாவட்டச் செய்தியிலும் அச்சேறும் வரையில் சம்பூரின் பக்கப் பிரிப்பு நீடிக்கும்.

அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் இத்தீவைத் தாக்கி அறுநூறுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. மகாவலி பெருகியது, மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தது, மூதூர், வெருகல் பக்கத்து மக்கள் மீண்டும் மூட்டை முடிச்சுடன் மேட்டுநிலம் தேடினர். 2006இல் மதகு மூடி நீர் நின்றதால் அகன்றவர்களும், 2025இல் அணை உடைந்து நீர் புகுந்ததால் அகன்றவர்களும் பெரும்பாலும் ஒரே ஊரார். முன்னது போர்ச் செய்தியாகவும் பின்னது வானிலைச் செய்தியாகவும் கோப்பிலேறின. எந்த மேசையில் இவ்விரண்டு கோப்புகளும் ஒன்றாக விரிக்கப்படும்? கொழும்பிலுள்ள ஆசிரியபீடங்களிலா, பிரசுரமாகும் செய்திக்கு இவ்வளவு என்று எண்ணிக் காத்திருக்கும் திருகோணமலை நிருபரின் வீட்டுத் திண்ணையிலா? சம்பூரில் அன்று இறைத்துச் சுத்தஞ் செய்த கிணறுகள் இன்று மீண்டும் நீர் தருகின்றன. அவற்றைத் தாண்டிச் சற்றுத் தொலைவில், சூரியத் தகடுகளுக்கென வேலி போடப்பட்ட நிலம் தொடங்குகிறது.